மோடம் நல்லாத்தான் இருக்கு சார்!

2025 செப்டம்பர் 30-ம் தேதி அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம் தன் டயல்-அப் இன்டர்நெட் சேவையை நிறுத்தியது. உடனே ஊரெல்லாம் ஒரு செல்ல ஒப்பாரி. அந்தக் 'கீய்ங்... கொர்ர்ர்... டொய்ங்டொய்ங்' சத்தத்தை யாரோ தேடிப் பிடித்துப் போட, நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் கண்ணோரம் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் ஏழெட்டுப் பேர் அனுப்பினார்கள். கூடவே, 'அது ஒரு காலம்யா!'

எனக்குக் கண்ணீர் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அந்தச் சத்தத்தைப் போட்டது உங்கள் மோடம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? 2000-த்தை ஒட்டிய வருடங்களில் உள்ளே செருகும் மலிவு மோடத்தோடு அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் வாங்கியவர் என்றால், அதைத் தயாரித்தது பெரும்பாலும் மோடம் அல்ல. நீங்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்கிய பிராசஸர். மோடம் என்ற பெயரில் உங்களிடம் விற்கப்பட்டது முக்கால்வாசி காலியான ஒரு அட்டை. விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்கு இது கடைசி வரை தெரியாது. லினக்ஸ் போட்டவர்களுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பிரயோஜனம்? திட்டு வாங்கியதும் அவர்கள்தான்.

இத்தனை வருஷம் கழித்து எதற்கய்யா இந்தப் பஞ்சாயத்து என்கிறீர்களா? அந்த வித்தையைச் செய்தவர்கள் யாரும் அதை விடவில்லை. பொருள்தான் மாறியிருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

*

டெலிபோன் லைன் பேச்சுக்காகப் போடப்பட்டது. அதில் சத்தம்தான் போகும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததோ ஒன்றும் பூஜ்யமும். இந்த எண்களைச் சத்தமாக்கி அனுப்பி, வருகிற சத்தத்தைத் திரும்ப எண்களாக்குவதுதான் மோடம். அதற்கு மூன்று வேலைகள். ஒன்று, டெலிபோன் லைனோடு பத்திரமாக ஒட்டிக்கொள்வது. இரண்டு, சத்தத்துக்கும் எண்ணுக்கும் நடுவே அந்தப் பயங்கரக் கணக்கைப் போடுவது. மூன்று, 'இந்த நம்பரைச் சுற்று', 'போனை வை' என்று கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டு நடப்பது.

நிஜமான மோடத்தில் மூன்றுக்கும் உள்ளேயே சில்லு உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தயாரிப்பாளர்களுக்கு ஒரு ஞானோதயம். கம்ப்யூட்டரில்தான் பிராசஸர் சும்மா கிடக்கிறதே, இரண்டாவது வேலையையும் மூன்றாவதையும் அதன் தலையில் கட்டினால் என்ன? சில்லு மிச்சம், செலவு மிச்சம். டெலிபோன் ஒயர் செருகும் ஓட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சாமானும் மட்டும் வைத்து அட்டையை விற்றுவிட்டார்கள். மீதி எல்லாம் ஒரு சி.டி.யில், விண்டோஸுக்கு மட்டும். இதன் பெயர் வின்மோடம்.

மிக்ஸி வாங்கப் போகிறீர்கள். கடைக்காரர் ஜாடியும் மூடியும் தருகிறார். மோட்டார் எங்கே என்றால், 'உங்க வீட்டு கிரைண்டர்ல மோட்டார் இருக்கில்ல சார், அதிலேர்ந்து பெல்ட் போட்டுக்கலாம்' என்கிறார். சரி, விலை கம்மி, தொலையட்டும் என்று வாங்கினால், அந்த பெல்ட் ஒரே ஒரு கம்பெனி கிரைண்டருக்குத்தான் பொருந்தும். வேறு கிரைண்டருக்கு நாங்களே பெல்ட் செய்துகொள்கிறோம், அளவாவது சொல்லுங்கள் என்றால், அது தொழில் ரகசியமாம்!

*

இந்த அநியாயத்தின் முழு அளவு தெரிய வேண்டுமானால், லினக்ஸில் டயல்-அப் மக்கர் செய்தால் அதை எப்படிச் சரி செய்வது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பயப்படாதீர்கள். நான் பி.காம். என்னால் முடிந்ததென்றால் உங்களாலும் முடியும்.

1981-ல் ஹேய்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி ஸ்மார்ட்மோடம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதனோடு பேச ஒரு குட்டி பாஷை வைத்தார்கள். 'ஏ.டி.' என்று தட்டினால், 'இங்கே கவனி' என்று அர்த்தம். மோடம் உயிரோடு இருந்தால் 'ஓகே' என்று பதில் எழுதும். 'ஏ.டி.டி.டி.' என்று போட்டுப் பக்கத்தில் நம்பரைக் கொடுத்தால் டயல் செய்யும். 'ஏ.டி.எச்.' என்றால் போனை வைத்துவிடும். இந்த பாஷையை ஊரே எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் சிம் கார்டு போடும் டாங்கிளுக்குள் இருக்கிற மோடத்திடம் 'ஏ.டி.' என்றால் 'ஓகே' என்றுதான் சொல்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

லினக்ஸில் முதல் சோதனை இதுதான். மினிகாம் என்று ஒரு எளிய புரோகிராம். மோடம் மாட்டியிருக்கிற சீரியல் போர்ட்டை அதில் திறந்து (விண்டோஸ்காரர்கள் காம்-1 என்பது லினக்ஸில் டிடிஒய்எஸ்-0) 'ஏ.டி.' என்று தட்ட வேண்டும். 'ஓகே' வந்ததா? மோடம் இருக்கிறது, போர்ட் சரி, ஒயர் சரி. மேலே போகலாம். நிர்வாகி கணக்கில் நுழைந்தால் ஓகே வருகிறது, உங்கள் சொந்தக் கணக்கில் வரவில்லையா? போர்ட்டைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லை. அந்த அனுமதி உள்ள குழுவில் உங்கள் பெயரைச் சேர்த்தால் முடிந்தது.

அடுத்து டயல். 'நோ டயல்டோன்' என்று வருகிறதா? ஒயர் பிடுங்கியிருக்கலாம், மாடியில் யாராவது எக்ஸ்டென்ஷனை எடுத்துப் பேசிக்கொண்டிருக்கலாம். இரண்டும் இல்லை, ரிசீவரைக் காதில் வைத்தால் டயல்டோன் நன்றாகவே கேட்கிறது என்றால், அமெரிக்க டயல்டோனை எதிர்பார்த்துச் செய்த மோடத்துக்கு நம் எக்ஸ்சேஞ்ச் டயல்டோன் பிடிபடவில்லை என்று அர்த்தம். 'எக்ஸ்-3' என்று ஒரு கட்டளை கொடுத்தால், டோனுக்குக் காத்திராமல் கண்ணை மூடிக்கொண்டு சுற்றும். பழைய எக்ஸ்சேஞ்சா? டி-க்குப் பதில் பி போட்டால் டக் டக் என்று பல்ஸில் டயல் செய்யும்.

லைன் கிடைத்து, எதிர்முனை மோடமும் பேசி, அதற்குப் பிறகு கட்டாகிறதா? பிபிபி என்ற இணைப்பு முறையைக் கவனிக்கிற புரோகிராம், சாகும்போது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் சாகும். 19 என்றால் யூசர் நேம் அல்லது பாஸ்வேர்டை எதிர்முனை ஏற்கவில்லை. 16 என்றால் மோடம் லைனை வைத்துவிட்டது. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கையிலேயே கொடுத்துவிடுகிறான், பாவம்.

எல்லாம் சரியாகி கனெக்ட் ஆகிவிட்டது, மீட்டர் ஓடுகிறது, ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. இதுதான் நிறையப் பேரை அழவைத்த கட்டம். ஏதாவது ஒரு தளத்தை எண் முகவரியில் கூப்பிட்டுப் பாருங்கள். எண்ணுக்கு பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால், பெயரை எண்ணாக்கித் தரும் சர்வரின் முகவரி உங்கள் மெஷினில் எழுதப்படவில்லை. ஒரு ஃபைலில் ஒரு வரி. எண்ணுக்கே பதில் இல்லையா? ஆபீஸில் நெட்வொர்க் கார்டு வைத்திருப்பீர்கள். வெளியே போகும் தகவல் எல்லாம் அந்தக் கார்டு வழியாக, அதாவது பக்கத்து டேபிள் கம்ப்யூட்டருக்குப் போய் முட்டிக்கொண்டு நிற்கும். 'ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது, அதை நான் மாற்றவில்லை' என்று பதிவேட்டில் ஒரு வரி கிடக்கும். அந்தப் பழைய வழியை நீக்கிவிட்டு மறுபடி டயல் செய்தால் பக்கம் திறக்கும்.

இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? ஒவ்வொரு தடங்கலுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் இருக்கிறது. ஒயரா, எக்ஸ்சேஞ்சா, பாஸ்வேர்டா, நம் கம்ப்யூட்டரா என்று படிப்படியாகக் குற்றவாளியை நெருங்கலாம். பிளம்பர் வேலை மாதிரி. கொஞ்சம் பொறுமை, ஒரு நோட்டுப் புத்தகம், போதும்.

இப்போது அந்த இடத்தில் ஒரு வின்மோடத்தை மாட்டுங்கள். முதல் படியிலேயே, 'ஏ.டி.' என்று தட்டியதுமே, மௌனம். ஓகே இல்லை, எர்ரர் இல்லை. ஏனென்றால் கேட்பதற்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை. பதில் சொல்ல வேண்டிய மூளை விண்டோஸ் சி.டி.யில் இருக்கிறது. நீங்கள் ஒயரை மாற்றுவீர்கள், ஸ்லாட்டை மாற்றுவீர்கள், லினக்ஸையே மறுபடி ஏற்றுவீர்கள். ராத்திரி இரண்டு மணி ஆகும். இல்லாத ஒன்றை எப்படி ரிப்பேர் செய்வது?

*

2002-ல் நான் சென்னையில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆடிட்டர் கறாரான மனிதர். 'ஊர்க் கணக்கைச் சரி பார்க்கிறவன் ஆபீஸ்ல திருட்டு சாஃப்ட்வேர் இருக்கப்படாது' என்பார். விண்டோஸ் லைசென்ஸ் ஒன்றுதான் வாங்கக் கட்டுப்படியானது. இன்னொரு மெஷினுக்கு, பிசி குவெஸ்ட் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சி.டி.யை யாரோ சொல்லி ஏற்றினோம். வட்டார சப்ளையர் ஒருவர் ஐம்பத்தாறு கே இன்டர்னல் மோடம் மாட்டிவிட்டுப் போனார். விலை எழுநூறு ரூபாய்க்குள்.

மௌனம். சரியாக நான் மேலே சொன்ன மௌனம். ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு சப்ளையரைக் கூப்பிட்டோம். வந்தார். கைப்பையிலிருந்து மார்க்கர் பேனாவால் '98' என்று எழுதிய ஒரு சி.டி.யை எடுத்தார். கூடவே கொண்டுவந்திருந்த ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஏற்றி, டிரைவர் போட்டு, டயல் செய்தார். கீய்ங்... கொர்ர்ர்...

"பாத்தீங்களா? மோடம் நல்லாத்தான் இருக்கு சார். உங்க லினக்ஸ்தான் சரியில்ல. பேசாம இதையே போட்டுடட்டுமா? காசு வேணாம்."

ஆடிட்டர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "வேண்டாம்ப்பா, எடுத்துண்டு போ" என்றார். அடுத்த மாதம் ஏறக்குறைய நாலு மடங்கு விலைக்கு, வெளியே வைக்கிற மோடம் ஒன்று வாங்கினார். சிவப்பு விளக்குகள் மின்னும், செங்கல் சைஸில் இருக்கும். 'ஏ.டி.' என்றேன். 'ஓகே' என்றது. பத்து நிமிஷத்தில் மெயில் இறங்கிவிட்டது.

இந்தக் கணக்கைப் பாருங்கள். திருட்டு சி.டி. போடுகிறவனுக்கு எழுநூறு ரூபாயில் காரியம் நடக்கிறது. நேர்மையாக இருக்க நினைக்கிற மனிதருக்கு அபராதம், ஐந்து மடங்குச் செலவு. கூடவே 'உங்களுது சரியில்ல' என்ற பேச்சு. அந்த சப்ளையர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கே தெரியாது. அவருக்கு விற்றவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பு கம்மி. சில்லு செய்தவனுக்கு மட்டும் தெரியும்.

பி.காம். படித்தவர்களுக்கு வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. சரக்கு விற்பனைச் சட்டம், 1930. அதன் 15-வது பிரிவு: இன்னதென்று விவரித்து ஒரு பொருளை விற்றால், பொருள் அந்த விவரணைக்குப் பொருந்த வேண்டும். எங்கள் பில்லில் எழுதியிருந்தது 'இன்டர்னல் மோடம்'. 'மோடத்தில் மூன்றில் ஒரு பங்கு, மீதி விண்டோஸில் பெற்றுக்கொள்ளவும்' என்று எழுதவில்லை. ஆனால், எழுநூறு ரூபாய்க்காக யார் நுகர்வோர் கோர்ட்டுக்கு நடையாய் நடப்பார்கள்? அந்தத் தைரியத்தில்தான் இந்த வியாபாரமே ஓடியது.

*

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்போம்.

'விலை குறைந்ததால்தானே நடுத்தரக் குடும்பத்துக்கு இன்டர்நெட் வந்தது?' வந்தது. மறுக்கவில்லை. ஆனால் செலவு குறையவில்லை, இடம் மாறியது. மோடம் கம்பெனியின் லெட்ஜரிலிருந்து உங்கள் லெட்ஜருக்கு. அந்தக் கணக்கைப் போட உங்கள் பிராசஸர் உழைத்தது. பழைய மெஷினில் ஒரு பக்கம் பெரிய வேலை ஓடினால் இன்னொரு பக்கம் லைன் அறுந்தது. நீங்கள் டெலிபோன்காரர்களைத் திட்டினீர்கள். சரி, மலிவான பொருள் விற்பதில் தப்பில்லை, அதற்கான பெயரைச் சொல்லி விற்க வேண்டும். இந்த விஷயத்தில் யூ.எஸ். ரோபாட்டிக்ஸை மெச்ச வேண்டும். அவர்கள் தங்கள் சரக்குக்கு 'வின்மோடம்' என்றே பெயர் வைத்தார்கள். ஜாடிக்கு ஜாடி என்று பெயர். மற்றவர்கள் அதையும் செய்யவில்லை.

'பெட்டியில் போட்டிருந்ததே, விண்டோஸ் தேவை என்று?' எந்தப் பெட்டி? அசெம்பிள்ட் கம்ப்யூட்டரோடு வந்த மோடத்துக்குப் பெட்டியே கிடையாது. பிளாஸ்டிக் உறையில் வரும், கடைக்காரரே பிரித்து மாட்டிவிடுவார். பெட்டி இருந்தாலும், 'தேவைகள்' என்று பொடி எழுத்தில் விண்டோஸ், இத்தனை ராம், சி.டி. டிரைவ் என்று வரிசையாக இருக்கும். சி.டி. டிரைவ் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம் என்று தெரிந்த நமக்கு, விண்டோஸ் இல்லாவிட்டால் இது மோடமே இல்லை என்று எப்படித் தெரியும்?

'நூற்றில் ஒருத்தன் லினக்ஸ் வைத்திருப்பான், அவனுக்காக டிரைவர் எழுத முடியுமா?' எழுதச் சொல்லி யார் அழுதார்கள்? அட்டையோடு எப்படிப் பேசுவது என்று சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்றுதான் கேட்டார்கள். பேடண்ட், தொழில் ரகசியம் என்பது ஓரளவு நியாயம்தான். அந்தக் கணக்கில்தான் மொத்த சரக்கும் இருக்கிறது. ஆனால் அதற்கும் வழி இருந்தது. லூசென்ட் கம்பெனி அந்த ரகசியக் கணக்கை மூடிய ஃபைலாகவே லினக்ஸுக்குக் கொடுத்தது. அதைச் சுற்றித் தேவையானதை தன்னார்வலர்கள் எழுதி, புதிய கெர்னல் வரும்போதெல்லாம் ஒட்டுப்போட்டு ஓட வைத்தார்கள். மனசு இருந்தவன் செய்தான்.

அதிலும் ஒரு கூத்து உண்டு. அந்த டிரைவர் இருந்தது இன்டர்நெட்டில்! இன்டர்நெட் வேண்டுமானால் மோடம் வேலை செய்ய வேண்டும். மோடம் வேலை செய்ய வேண்டுமானால் இன்டர்நெட்டிலிருந்து டிரைவர் வர வேண்டும். பிரவுசிங் சென்டருக்கு ஃபிளாப்பி எடுத்துக்கொண்டு போய், இறக்கி, வீட்டுக்கு வந்தால் கெர்னல் வெர்ஷன் ஒரு புள்ளி தள்ளியிருக்கும். திரும்ப ஃபிளாப்பி, திரும்பப் பதினைந்து ரூபாய்.

லினக்ஸ்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உதவி கேட்டு வந்தவனிடம், 'உன்னை யார் வின்மோடம் வாங்கச் சொன்னது?' என்று கேட்ட மகானுபாவர்கள் நிறைய. ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவனைக் கேட்பது நமக்குப் பழகிப்போன விஷயம். பிக்பாக்கெட் கொடுத்தவனிடம், 'பர்ஸை ஏன் பின்னால வெச்ச?' என்று கேட்பதில்லையா?

*

2004-ல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது.

கனெக்ஸன்ட் என்ற கம்பெனியின் சில்லு ஏகப்பட்ட லேப்டாப்களில் இருந்தது. அதற்கு லினக்ஸ் டிரைவர் தர லினக்ஸன்ட் என்றொரு கம்பெனி வந்தது. நல்லது. ஆனால் இலவச டிரைவர் 14.4 வேகத்துக்கு மேல் போகாது. முழு வேகம் வேண்டுமா? சுமார் 15 டாலர் கட்டுங்கள். அதாவது 56 என்று போட்டு விற்ற பொருளின் 56-ஐ வாங்க இன்னொரு தடவை காசு.

அது போகட்டும், எழுதியவன் கூலி கேட்கிறான். இதைக் கேளுங்கள். லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு பழக்கம். உள்ளே வருகிற ஒவ்வொரு டிரைவரும் தன் லைசென்ஸ் என்ன என்று சொல்ல வேண்டும். ஜி.பி.எல்., அதாவது திறந்த லைசென்ஸ் என்றால் ஓகே. மூடிய சரக்கு என்றால் உள்ளே விடும், ஆனால் 'கறை படிந்தது' என்று குறித்துவைத்துக்கொள்ளும். பின்னால் மெஷின் படுத்தால், கெர்னல் எழுதுகிறவர்கள் அந்தக் குறியைப் பார்த்து, 'உள்ளே என்ன இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது, எங்களைக் கேட்காதே' என்பார்கள்.

லினக்ஸன்ட் என்ன செய்தது? லைசென்ஸ் இடத்தில் 'ஜி.பி.எல்.' என்று எழுதி, அதை அடுத்து கண்ணுக்குத் தெரியாத ஒரு முற்றுப்புள்ளி எழுத்தை வைத்தது. அதற்குப் பின்னால், 'இந்தக் குறிப்பிட்ட ஃபோல்டரில் உள்ள ஃபைல்களுக்கு மட்டும்' என்று தொடர்ந்தது. மனிதன் படித்தால் முழு வாக்கியமும் தெரியும். கெர்னல் அந்தப் புள்ளியோடு நிறுத்திக்கொள்ளும். 'ஜி.பி.எல்.தானே, உள்ளே வா' என்றுவிடும். கறை இல்லை!

2004 ஏப்ரலில் ஒருவர் இதைக் கண்டுபிடித்துப் போட்டு உடைத்தார். கம்பெனி சொன்ன விளக்கம், அந்த எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்து வாடிக்கையாளர்களைக் குழப்புகிறது, அதைத் தவிர்க்கத்தான் என்பது. குழப்பமாம்! எங்கள் ஆடிட்டர் இதைக் கேட்டிருந்தால் ஆடிட் ரிப்போர்ட்டில் எப்படிக் குறித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, அந்த ரகசியங்களை எல்லாம் கட்டிக் காத்தார்களே, கடைசியில் என்ன ஆயிற்று? பிசிடெல் தன் மோடம் பிசினஸை 2003-ல் கனெக்ஸன்ட்டுக்கு விற்றது. கனெக்ஸன்ட் 2013-ல் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. மீண்டுவந்ததை 2017-ல் சினாப்டிக்ஸ் வாங்கியது. லூசென்ட்டின் சில்லுப் பிரிவு ஏஜீரே ஆகி, 2007-ல் எல்.எஸ்.ஐ.யோடு கலந்து, எல்.எஸ்.ஐ.யை 2014-ல் அவகோ விழுங்கி, அவகோ 2016-ல் பிராட்காமை வாங்கி அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. ரகசியம் எந்த லாக்கரில் இருக்கிறதென்று லாக்கர் வைத்திருப்பவனுக்கே தெரியுமா என்பது சந்தேகம். இதற்குள் விண்டோஸே புதிய பதிப்புகளுக்குப் போனபோது, விண்டோஸ் வைத்திருந்த நல்ல பிள்ளைகள் பலருக்கும் பழைய டிரைவர் ஓடாமல் அட்டை குப்பைக்குப் போயிற்று. அன்றைக்கு அவர்களிடம் யாரும் 'உங்க விண்டோஸ்தான் சரியில்ல' என்று சொல்லவில்லை. 'புதுசு வாங்குங்க சார்' என்றார்கள்.

*

ஏஓஎல் கடையை மூடிய பதினாலாவது நாள், 2025 அக்டோபர் 14. அன்றைக்கு மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை நிறுத்தியது. அடுத்தது விண்டோஸ் 11. அதற்கு டி.பி.எம். 2.0 என்று ஒரு பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸரும் குறிப்பிட்ட வயதுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் மெஷின், நன்றாக ஓடினாலும், தகுதியில்லாதது. எட்டு ஒன்பது வருஷத்து லேப்டாப், கீபோர்டு பளபள என்று இருக்கிறது, ராம் இருக்கிறது, பையன் அதில் புராஜெக்ட் செய்துகொண்டிருக்கிறான். தகுதியில்லை!

எனக்குத் தெரிந்தே சில வீடுகளில் அதில் லினக்ஸ் போட்டுக்கொண்டார்கள். சபாஷ். போட்டதும் அவர்களில் ஒருவருக்கு என்ன ஆயிற்று தெரியுமா? வைஃபை வரவில்லை. சில்லுக்கு உள்ளே ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் லினக்ஸ் சி.டி.யில் இல்லை. அது எங்கே கிடைக்கும்? இன்டர்நெட்டில்!

இந்த வைஃபை தகராறு பெரிய கதை. பிராட்காம் சில்லுகள் வருஷக்கணக்கில் லினக்ஸ்காரர்களை அலைக்கழித்தன. விண்டோஸ் டிரைவரிலிருந்து ஃபர்ம்வேரை உரித்தெடுக்கத் தனி புரோகிராமே எழுத வேண்டியிருந்தது. 2010 செப்டம்பரில்தான் அந்தக் கம்பெனி சில சில்லுகளுக்குத் திறந்த டிரைவர் கொடுத்தது. மூடிய எதையும் தொடமாட்டோம் என்று விரதம் இருந்த டெபியன் லினக்ஸே, 2022-ல் ஓட்டெடுப்பு நடத்தி, சரி, ஃபர்ம்வேரை இன்ஸ்டலேஷனோடு கொடுத்துவிடலாம் என்று இறங்கிவந்தது. கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-ல் ஃபின்லாந்தில் ஒரு கூட்டத்தில் என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டியது உலகப் பிரசித்தம். பத்து வருஷம் கழித்து, 2022 மே மாதம், என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்தது. அதுவரை தொழில் ரகசியம், பேடண்ட், முடியவே முடியாது. அப்புறம் எப்படி முடிந்தது? மனசு மாறியதாக நான் நம்பவில்லை. பெரிய பெரிய சர்வர் கூடங்களில் ஓடுவது லினக்ஸ் என்பதால், கேட்கிற வாடிக்கையாளர் பெரிய ஆளாகிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். எழுநூறு ரூபாய் ஆடிட்டர் கேட்டபோது முடியவில்லை.

பிரின்டரையும் விட்டுவைக்கவில்லை. 2016 செப்டம்பரில் ஹெச்.பி.யின் சில பிரின்டர்கள் ஒரே நாளில் வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜை ஏற்க மறுத்தன. முந்தின நாள் வரை அதே கார்ட்ரிட்ஜ் அச்சடித்துக்கொண்டிருந்தது. கூச்சல் எழுந்த பிறகு, வேண்டுகிறவர்கள் பழையபடி மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள்.

நம் அரசாங்கமும் தூங்கவில்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில், 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு கமிட்டி போட்டது. அந்த வருஷக் கடைசியில் அதற்கென ஒரு போர்ட்டலும் திறந்தது. நல்ல காரியம். அங்கே உதிரிபாகம், சர்வீஸ் சென்டர், வாரண்டி பற்றி எல்லாம் பேசுகிறார்கள். இந்தப் பொருளின் எந்தப் பகுதி பெட்டிக்குள் இருக்கிறது, எந்தப் பகுதி கம்பெனியின் சாஃப்ட்வேரில் இருக்கிறது, அந்த சாஃப்ட்வேருக்கு ஆயுள் எத்தனை வருஷம் என்று பெட்டி மேல் பெரிய எழுத்தில் போடச் சொல்ல வேண்டாமா? பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம் சர்க்கரை, எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று போட வைக்கிற நாம், அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் ஒன்றும் கேட்பதில்லை.

அது வரும்போது வரட்டும். அதுவரை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ, உங்கள் ஊர்க் கடையிலோ, வைஃபை டாங்கிளோ பிரின்டரோ வாங்கும்போது, விலை பேசுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். உள்ளே என்ன சில்லு? லினக்ஸில் ஓடுமா? நீங்கள் லினக்ஸ் வைத்திருக்கிறீர்களா இல்லையா என்பது விஷயமே இல்லை. லினக்ஸில் ஓடுகிற பொருள் என்றால், அதனோடு பேசும் பாஷை கம்பெனிக்கு வெளியிலும் நாலு பேருக்குத் தெரியும் என்று அர்த்தம். கம்பெனி கைவிட்டாலும் யாராவது ஓட்டுவார்கள்.

கடைக்காரர், 'எல்லாத்துலயும் ஓடும் சார்' என்பார். சந்தோஷம். அதை அப்படியே பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். சண்டை எல்லாம் வேண்டாம். சிரித்த முகமாகக் கேட்டாலே போதும். பேனாவை எடுக்கிறாரா, முதலாளியைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். முதலாளியைப் பார்த்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடலாம்.